முதுகைப் பிடித்தாயிற்று, எந்த நெரிப்பில் முடிப்பது? ரியர் நேக்கட், ஷார்ட் சோக், போ அண்ட் ஆரோ: ஓர் ஒப்பீடு

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகத் தொடங்கி ஓராண்டு தாண்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "முதுகுக்குப் போய்விடுகிறேன். ரெண்டு ஹூக்கும் போட்டுவிடுகிறேன். கழுத்துதான் கிடைக்கமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் கை சோர்ந்துவிடும், அவர் திரும்பி என் மேல் வந்துவிடுவார். ரியர் நேக்கட் சோக்கையே தொடர்ந்து பழகட்டுமா, வேறு எதற்காவது மாறட்டுமா?"

(ஹூக் என்பது பின்னாலிருந்து எதிராளியின் தொடைகளின் உட்புறம் நம் பாதங்களைக் கொக்கிபோல் மாட்டுவது.) முதுகிலிருந்து முடிக்கப் பல வழிகள் உண்டு. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் உழைப்பைப் போடத் தகுந்தவை மூன்றுதான் என்பது என் கருத்து. கையை மட்டும் வைத்து முழுதாகப் பூட்டும் ரியர் நேக்கட் ஒன்று. உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து முன்கையால் அழுத்தும் ஷார்ட் சோக் இன்னொன்று. கீ எனப்படும் தடித்த பயிற்சி உடையின் காலரைப் பிடித்து இழுக்கும் போ அண்ட் ஆரோ மூன்றாவது. இவற்றில் எது பலமானது என்று கேட்டால் தெளிவு பிறக்காது. ரியர் நேக்கட்டோ போ அண்ட் ஆரோவோ சரியாக விழுந்துவிட்டால் சுமார் 10 வினாடிக்குள் ஆள் நினைவிழந்துவிடுவார். ஷார்ட் சோக் விழுந்தால் அதற்கும் முன்பே டேப் அடித்துவிடுவார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார். உள்ளே போவதற்கு முன் ஒவ்வொன்றும் நம்மிடம் என்ன கேட்கிறது, தவறிப்போனால் எதைப் பறித்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

கழுத்தில் எவ்வளவு இடம் வேண்டும்? எதிராளி மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இரண்டு கைகளாலும் நம் ஒரு கையைப் பிடித்துத் தொங்குவார். அந்த நிலையிலும் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தவறினால் முதுகு நம்மிடம் இருக்குமா? என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. முதுகு நம்மிடம் இருக்கும்வரை இன்னொரு முறை முயலலாம். அது போய்விட்டால், அங்கே போய்ச் சேர உழைத்ததெல்லாம் வீண்.

உடல்வாகு. கை நீளம், நம்மோடு ரோல் (பயிற்சி ஆட்டம்) செய்பவர்களின் கழுத்துப் பருமன், விரல்களின் நிலை.

உடையும் விதியும். கீயா, அது இல்லாத நோ-கீயா? போட்டிக்குப் போகிறீர்களா? எந்த அமைப்பின் விதி?

யாருக்கு என்ன செலவு? நம் முன்கை எரிவதும் செலவுதான், கூட்டாளியின் தொண்டை வலிப்பதும் செலவுதான். இரண்டாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

## ரியர் நேக்கட் சோக்

முழங்கை மடிப்பு எதிராளியின் மூச்சுக்குழாய்க்கு நேர் முன்னால் நிற்கிறது. ஒரு பக்கம் நம் புஜமும் மறுபக்கம் முன்கையும் கழுத்தின் இருபுறத் தமனிகளை அழுத்துகின்றன. நெரிக்கும் கை மறுகையின் புஜத்தைப் பற்றிக்கொள்ள, மறுகை எதிராளியின் தலைக்குப் பின்னால் போய் மறைந்துகொள்கிறது. மூச்சு அடைபடுவதில்லை, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் சரியாக விழுந்த ரியர் நேக்கட்டில் பெரிய வலி இருக்காது. டேப் அடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் கண் இருண்டுவிடும்.

இதன் தகுதிக்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. என்ற கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) போட்டித்தொடரின் இறுதிப் போட்டியில் ராய்ஸ் கிரேசி ஜெரார்ட் கோர்டோவை இதில்தான் முடித்தார். கீ அணிந்திருந்தும் அவர் நம்பியது வெறும் கையை. 2016 மார்ச்சில் நடந்த யு.எஃப்.சி. 196-இல் கடைசி இரண்டு ஆட்டங்களுமே இதில்தான் முடிந்தன. நேட் டியாஸ் இரண்டாவது சுற்றில் கானர் மெக்ரெகரை டேப் அடிக்கவைத்தார். மீஷா டேட் ஐந்தாவது சுற்றில் ஹாலி ஹோமை நினைவிழக்கச் செய்தார். ஐந்தாவது சுற்றில் இருவருமே களைத்து, உடம்பெல்லாம் வியர்வை வழுக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் வேலை செய்கிற நெரிப்பு இது. இன்றும் யு.எஃப்.சி.யில் அதிக ஆட்டங்களை முடித்துவைத்த சப்மிஷன், அதாவது எதிராளியைப் பணியவைக்கும் பிடி, இதுவே.

சரி, அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் விழுவதில்லை? இது இரண்டு நுழைவுகளைக் கேட்கிறது. முதல் கை மோவாய்க்கு அடியில் போக வேண்டும், பிறகு இரண்டாவது கை தலைக்குப் பின்னால் போக வேண்டும். தடுப்பவருக்கு இரண்டில் ஒன்றைத் தடுத்தால் போதும்.

பெரும்பாலோர் முதல் நுழைவில்தான் சிக்கல் என்று நினைத்து மோவாயோடு மல்லுக்கட்டுகிறார்கள். நான் பார்த்தவரை சிக்கல் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. எதிராளியின் இரண்டு கைகளும் சுதந்திரமாக இருக்கும்போதே கழுத்துக்குப் போகிறோம். நம் நெரிக்கும் கையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துவிடுகிறார், அங்கேயே ஆட்டம் நின்றுபோகிறது. முதலில் சீட் பெல்ட் பிடி, அதாவது ஒரு கை தோளுக்கு மேலும் மறுகை அக்குளுக்கு அடியிலும். அக்குளுக்கு அடியில் இருக்கும் கையால் அவருடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளி, முடிந்தால் அந்தக் கைமேல் நம் காலைப் போட்டுப் பூட்டிவிட வேண்டும். பயிற்சியாளர் ஜான் டானஹெரும் அவரிடம் பயின்ற கார்டன் ரையனும் முதுகுத் தாக்குதலில் இந்தக் கைப்போருக்குத்தான் அதிக இடம் கொடுக்கிறார்கள். எதிராளிக்கு ஒரு கை மட்டுமே மிச்சம் என்றானபின் மோவாய் பெரிய தடையாக இருக்காது.

இரண்டாவது நுழைவில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் கை கழுத்தைச் சுற்றியதும் உடனே நெரிக்கக் கூடாது. அந்தக் கையால் அவருடைய எதிர்ப்பக்கத் தோளின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு, அதை மட்டும் விடாமல் இருங்கள். மறுகை காதருகே காற்றில் சுற்றி வந்தால் அவர் பார்த்துவிடுவார், பிடித்தும்விடுவார். தலை வாருவதுபோல, புறங்கை அவருடைய பின்தலையோடு உரசியபடி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நம் தலையையும் அவர் தலையோடு ஒட்டி, அந்தக் கையை ஒளித்துவிடுங்கள். அப்புறம் கைகளை மட்டும் இறுக்காமல், இரண்டு முழங்கைகளையும் கீழ்நோக்கி இழுத்து நெஞ்சை விரித்தால் போதும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் இரண்டைச் சொல்லலாம். அரைகுறைப் பிடியில் இறுக்கினால் முன்கை சீக்கிரமே எரிந்துபோகும், அதற்குப்பின் ரோல் முழுக்கக் கை வேலைக்கு ஆகாது. இன்னொன்று தாடையின் மேலேயே நெரித்து முடிக்கும் ஆசை. 2018-இல் கபீப் நுர்மகோமெடோவ் மெக்ரெகரை முடித்தது கழுத்து முறுக்கில் என்றுதான் பதிவாகியிருக்கிறது. தொழில்முறைச் சண்டையில் அதற்கு இடமுண்டு. நாளைக்கும் நம்மோடு பழக வரவேண்டிய கூட்டாளியின் தாடைமேலும் கழுத்தெலும்பின்மேலும் அதைப் பிரயோகிக்காதீர்கள். ஐ.பி.ஜே.ஜே.எஃப். என்ற சர்வதேச ஜியு-ஜிட்சு அமைப்பின் விதிப்படி, நெரிப்பு இல்லாமல் முதுகெலும்பை மட்டும் முறுக்குவதற்குத் தடையும் இருக்கிறது.

தவறினால் இழப்பு மிகக் குறைவு. நெரிப்பு விடுபட்டாலும் கைகள் சீட் பெல்ட்டுக்கே திரும்பிவிடும், கால்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2003, 2005, 2007, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளில் 77 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் ஏ.டி.சி.சி. என்ற நோ-கீ போட்டியின் பட்டம் வென்ற மார்செலோ கார்சியாவின் ஆட்டத்தைப் பாருங்கள். எதிராளி உருண்டாலும் புரண்டாலும் அவர் நெஞ்சு அந்த முதுகைவிட்டுப் பிரியாது. ஒரு முயற்சி தவறினால் அடுத்தது, அதுவும் தவறினால் அதற்கடுத்தது. இந்தப் பொறுமைக்கு இடம் கொடுப்பது ரியர் நேக்கட்டின் பெரிய பலம்.

## ஷார்ட் சோக்

இரண்டாவது கை தலைக்குப் பின்னால் போக முடியவில்லையா? இந்த நெரிப்பு அதைக் கேட்பதே இல்லை. முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு கழுத்தின் குறுக்கே வரும். மறுகை தோளுக்கு மேலாக வந்து உள்ளங்கையோடு உள்ளங்கை சேரும். பிடியை அவருடைய தோள்பட்டைக்கு அருகில் வைத்து, நெரிக்கும் கையின் முழங்கையைப் பின்னுக்கு இழுத்து, நம் தோளாலும் தலையாலும் அவர் தலையை முன்னே தள்ள வேண்டும்.

இதற்குத் தேவையான இடம் குறைவு. மணிக்கட்டு நுழையும் அளவு சந்து கிடைத்தாலே போதும். கை குட்டையானவர்களுக்கும், கழுத்து பருத்த எதிராளிகளோடு ரோல் செய்பவர்களுக்கும் இது பெரிய வரம். முழு ரியர் நேக்கட்டில் நம் கை மறுபுஜத்தை எட்டவே இல்லை என்றால் எவ்வளவு நுட்பம் இருந்தும் பயனில்லை. அந்த இடத்தில் ஷார்ட் சோக் நின்று பேசும். எதிராளி ஆமைபோல் கவிழ்ந்திருக்கும்போதும், எழுந்து நின்று நம்மை முதுகில் சுமக்கும்போதும் வேகமாக மாட்டுவது இதுதான்.

செலவு எங்கே என்றால், அழுத்தம் பெரும்பாலும் குரல்வளைமேல் விழுகிறது. கோணம் கொஞ்சம் பிசகினால் ரத்தம் குறைவதற்குப் பதிலாகத் தொண்டை நசுங்கும். கூட்டாளி டேப் அடிப்பார், ஆனால் வலி தாங்காமல் அடிப்பார். மறுநாள் சோறு விழுங்கும்போது தொண்டை வலிக்கும். பிடிவாதக்காரர் ஒருவர் டேப் அடிக்காமல் தாக்குப்பிடித்தால் குரல்வளைக் குருத்தெலும்புக்குக் காயம் வரவும் வாய்ப்புண்டு. ரியர் நேக்கட்டைவிட இதில் மெதுவாக இறுக்குங்கள், இருமல் கேட்டாலே விட்டுவிடுங்கள்.

இன்னொரு செலவும் இருக்கிறது. அக்குளுக்கு அடியில் இருந்த கையை மேலே எடுத்துவிடுகிறோம். எதிராளி இடுப்பை நழுவவிட்டுத் தோள்களைத் தரையில் பதித்தால், அவரைத் தடுத்து நிறுத்தக் கீழே கை கிடையாது. தவறினால் முதுகு பாதி போயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம். கால்களின் பிடி பலமாக இருந்தால் மட்டுமே மீட்கலாம்.

## போ அண்ட் ஆரோ

கீயில் பழகுபவர்களுக்கு மட்டும். அக்குளுக்கு அடியில் இருக்கும் கையால் எதிராளியின் காலரைத் தளர்த்தி, கீழே இழுத்து, கழுத்தைச் சுற்றி வரும் மறுகைக்கு ஊட்ட வேண்டும். அந்தக் கை காலரை ஆழமாகப் பிடிக்கும். பிறகு நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விடுபட்ட கையால் அவருடைய முழங்கால் பக்கத்துக் கால்சட்டைத் துணியைப் பிடித்து, காலை அவர் தோள்மேல் போட்டு, உடலை நீட்டி இழுக்கிறோம். ஜூடோவில் ஒகுரி-எரி-ஜிமே என்று பழகப்படும் காலர் நெரிப்புக்கு நெருங்கிய உறவு இது.

மூன்றிலும் எடை குறைந்தவர்களுக்கு அதிக நெம்புவிசை கொடுப்பது இதுவே. காரணம் வெளிப்படை. கையின் பலத்தோடு முதுகும் காலும் சேர்ந்து இழுக்கின்றன. மோவாயை இறக்கி வைத்துத் தடுப்பதும் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. ஒரு முன்கை நுழையாத இடத்தில் காலரின் விளிம்பு நுழைந்துவிடும்.

ஆனால் முடிக்கும் நேரத்தில் ஹூக்கை நாமே கழற்றி, பக்கவாட்டுக்குப் போகிறோம். காலர் பிடி ஆழமில்லாவிட்டால் எதிராளி நம் பக்கம் திரும்பி மேலே வந்துவிடுவார். விழுந்தால் ஆட்டம் முடிந்தது, விழாவிட்டால் முதுகு போயிற்று. அதனால் காலர் பிடி ஆழமாகாமல் ஹூக்கைக் கழற்றவே கூடாது. போட்டியில் இன்னும் கவனம் வேண்டும். ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதியில் முதுகுக் கட்டுப்பாட்டுக்கு 4 புள்ளி, அதற்கு 3 வினாடி நிலைநிறுத்த வேண்டும். அந்தப் புள்ளியை வாங்கிக்கொண்ட பிறகு சாய்வதே புத்திசாலித்தனம். கால்சட்டையின் திறப்புக்குள் விரல் நுழைத்துப் பிடிப்பது விதிமீறல், வெளித்துணியை மட்டும் கொத்தாகப் பிடியுங்கள்.

விரல்களின் கணக்கும் உண்டு. வருடக்கணக்கில் காலரைப் பிடித்திழுப்பவர்களின் விரல் மூட்டுகள் வீங்கிப்போவது இந்தக் கலையில் சகஜம். கணினியிலோ கைவேலையிலோ பிழைப்பவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நோ-கீ வகுப்புக்கோ எம்.எம்.ஏ.வுக்கோ மாறினால் இந்தத் திறமையில் பெரும்பகுதி நம்மோடு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ரியர் நேக்கட் | ஷார்ட் சோக் | போ அண்ட் ஆரோ |
|---|---|---|---|
| தேவையான இடம் | அதிகம், இரண்டு நுழைவு | குறைவு | குறைவு, ஆனால் காலர் ஆழமாக வேண்டும் |
| தவறினால் முதுகு | பெரும்பாலும் நம்மிடமே | பாதி ஆபத்தில் | பெரும்பாலும் போய்விடும் |
| உடை | எதுவும் | எதுவும் | கீ மட்டும் |
| பொருந்தும் உடல் | கை நீளமானவர் | கை குட்டையானவர் | எடை குறைந்தவர், விரல் பலமுள்ளவர் |
| நமக்குச் செலவு | முன்கைச் சோர்வு | அக்குள் கை பறிபோவது | விரல் மூட்டு, ஹூக் |
| கூட்டாளிக்குச் செலவு | தாடைமேல் நெரித்தால் வலி | தொண்டை வலி | கழுத்தில் துணி உரசல் |

## கால்கள்: ஒரு சின்ன இடைச்செருகல்

எந்த நெரிப்பானாலும் கால்கள் நிலையாக இல்லாவிட்டால் கை வேலை செய்யாது. இரண்டு ஹூக் போடுவதா, ஒரு காலால் எதிராளியின் இடுப்பைச் சுற்றி அதன் பாதத்தை மறுகாலின் முழங்கால் மடிப்பில் பூட்டும் பாடி டிரையாங்கிள் போடுவதா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: பாடி டிரையாங்கிள் இறுக்கமானது, கால் நீளமானவர்களுக்கு ஏற்றது, ஷார்ட் சோக்கில் இல்லாமல்போகும் கீழ்க் கையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் ஐ.பி.ஜே.ஜே.எஃப். போட்டியில் அதற்கு அந்த 4 புள்ளி கிடையாது. நம் பாதம் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டால் எதிராளி தன் காலை அதன்மேல் போட்டு, இடுப்பைத் தூக்கிக் கணுக்காலை நசுக்குவார். ஹூக் போடும்போது பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னாதீர்கள், அங்கேயும் இதே கதிதான்.

விழும் பக்கமும் முக்கியம். நெரிக்கும் கை இருக்கும் பக்கமாகச் சாய்ந்தால் எதிராளி தப்புவது கடினம். அக்குள் கை இருக்கும் பக்கமாகச் சாய்ந்தால் அவருக்குத் தோளைத் தரையில் பதிக்க வழி கிடைக்கும். "கழுத்து கிடைப்பதில்லை" என்று வருந்துபவர்களில் பலருக்கு இந்த ஒன்றைத் திருத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

## யாருக்கு எது

உங்களுக்கு ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரியர் நேக்கட்டையே எடுங்கள். அது எளிது என்பதற்காக நான் சொல்லவில்லை. மூன்றிலும் கைப்போரை அதிகம் கேட்பது அதுதான், கற்ற கைப்போர் மற்ற இரண்டுக்கும் அப்படியே பயன்படும். தவறினாலும் முதுகு கையில் இருப்பதால் ஒரே ரோலில் பலமுறை முயலலாம். பழகுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரியர் நேக்கட்டில் மோவாய்க்கு அடியில் நுழைந்துவிடுகிறீர்கள், இரண்டாவது கைதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறது என்றால், மாறத் தேவையில்லை, ஷார்ட் சோக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் இரண்டாவது கையைத் தேடும்போது அதை உள்ளங்கைப் பிடியாக மாற்றுங்கள். அதைத் தடுக்க அவர் கையை முன்னே கொண்டுவந்தால் தலைக்குப் பின்னால் வழி திறக்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் ஜோடி. நோ-கீ மட்டும் பழகுபவருக்கு இந்த ஜோடியே பல ஆண்டுகளுக்குப் போதும்.

வாரத்தில் பெரும்பாலான வகுப்புகள் கீயில் நடக்கின்றன, உங்களைவிடக் கனமானவர்களோடுதான் எப்போதும் ரோல், கீ போட்டிக்கும் போக எண்ணம் என்றால், போ அண்ட் ஆரோவை முதன்மையாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. அப்போதும் ரியர் நேக்கட் மிரட்டல் தேவைப்படும். கழுத்துக்குப் பயந்து அவர் கைகளை மேலே கொண்டுபோகும் நேரத்தில்தான் காலர் இளகும்.

நாற்பதைத் தாண்டி, விரல் மூட்டுகளில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் போ அண்ட் ஆரோவை ஒதுக்கிவிடலாம்.

## பழகும் முறை

நெரிப்பை மட்டும் எதிர்ப்பில்லாத கூட்டாளிமேல் திரும்பத் திரும்பப் போடுவது ஆரம்ப வாரங்களுக்குச் சரி. அதற்குமேல் பலன் தருவது முதுகு நிலையிலிருந்தே தொடங்கும் ரோல். சீட் பெல்ட்டும் ஹூக்கும் போட்டபடி தொடங்கி 2 அல்லது 3 நிமிடம். முதலில் நெரிக்கவே கூடாது, எதிராளியின் ஒரு கையைக் காலால் பூட்டினால் உங்களுக்கு வெற்றி, அவர் தோளைத் தரையில் பதித்தால் அவருக்கு வெற்றி. அது பழகியபின் முதல் கை மோவாய்க்கு அடியில் போவதே வெற்றி. கடைசியாகத்தான் முடிப்பது. இந்த வரிசையில் பழகினால் நாம் எந்தப் படியில் தோற்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும், எந்த நெரிப்புக்கு நேரம் செலவிடுவது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

டேப் உணர்ந்த கணமே விடுங்கள். எதிராளியின் கை தளர்ந்துபோனாலோ, மூச்சில் குறட்டைச் சத்தம் வந்தாலோ டேப்புக்காகக் காத்திருக்காதீர்கள். நினைவிழந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். பெரும்பாலும் சில வினாடிகளில் விழித்துவிடுவார், ஆனால் அன்றைக்கு அவருக்கு ரோல் முடிந்தது. உடனே விழிக்காவிட்டால் அவசர உதவியை அழையுங்கள். பக்கவாதமோ கழுத்துத் தமனிப் பிரச்சினையோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெரிப்புகளில் இறங்க வேண்டாம். நெரிப்புக்குப் பிறகு கழுத்தின் ஒரு பக்கத்தில் புதிதாக வலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமோ கையோ மரத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும், சில நாள் கழித்தே வந்தாலும், வீட்டில் படுத்து ஓய்வெடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தமனியின் உட்சுவர் கிழிவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. கழுத்தில் நெரிப்பு விழுந்தது என்று அங்கே மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.